பிப்ரவரியிலேயே முடிந்துபோன லீக்கை ஜூன் வரை பார்த்தேன்

2022 ஆகஸ்டில் ஒரு முடிவு எடுத்தேன். இந்த ஒரு வருஷம் இங்கிலாந்து கால்பந்து லீக் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை, இத்தாலியின் சீரி ஆ மட்டும்தான். 20 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 38 ஆட்டங்கள். அதுவரை இத்தாலியக் கால்பந்து பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் காதில் விழுந்ததுதான்: கதவைச் சாத்திக்கொண்டு ஆடுவார்கள், 1-0, கொட்டாவி. அந்த சீசன் முடிந்தும் சந்தாவை நிறுத்தவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இது.

முதலில் நேரக் கணக்கு. தெரியாமல் இறங்கினால் உடம்பு கெடும். அங்கே ஞாயிறு மதியம் 12:30-க்கு ஓர் ஆட்டம் வைப்பார்கள். குளிர்காலத்தில் நமக்கு அது மாலை 5 மணி, டீயோடு உட்காரலாம். ஆனால் பெரிய ஆட்டங்கள் பெரும்பாலும் அவர்கள் இரவு 8:45-க்குத்தான். நமக்கு நள்ளிரவு 1:15. மார்ச் கடைசியில் அவர்கள் கடிகாரத்தை முன்னே தள்ளியதும் 12:15 ஆகும், அவ்வளவுதான் சலுகை. நான் பார்த்த ஆப் வேறு, யாராவது பெனால்டி அடிக்கப் போனால் சரியாக அப்போதுதான் சுற்ற ஆரம்பிக்கும்.

அந்த வருஷம் நேப்பிள்ஸ் நகர அணியான நாப்போலியை யாரும் பெரிதாக எண்ணவில்லை. கூலிபாலி, இன்சீன்யே, மெர்டென்ஸ், ஃபாபியான் ரூயிஸ் என்று அணியின் முதுகெலும்பே ஒரே கோடையில் கிளம்பிவிட்டது. அதற்கு முந்தைய சீசனில் பயிற்சியாளர் ஸ்பாலெட்டியின் ஃபியட் பாண்டா கார் திருடு போயிருந்தது. "காரைத் திருப்பித் தருகிறோம், நீங்கள் கிளம்பினால் போதும்" என்ற பொருளில் ரசிகர்களே பேனர் கட்டினார்கள். இந்த நிலைமையில் உள்ளே வந்தவர்கள் துருக்கியிலிருந்து கொரியத் தடுப்பாட்டக்காரர் கிம் மின்-ஜே, ஜார்ஜியாவின் பட்டுமி நகர அணியிலிருந்து க்விச்சா க்வாரத்ஸ்கேலியா. அந்தப் பெயரைத் தடுமாறாமல் சொல்ல எனக்கே அக்டோபர் ஆகிவிட்டது. நாப்போலிக்காரர்கள் அந்த வம்பே வேண்டாம் என்று 'க்வாரடோனா' ஆக்கிவிட்டார்கள். மரடோனா பெயரையே மைதானத்துக்கு வைத்திருக்கும் ஊர், அந்தப் பெயரில் பாதியைச் சும்மா தூக்கிக் கொடுக்காது.

க்வாரத்ஸ்கேலியா, காலுறை சரிந்து தொங்க, இடது ஓரத்தில் பந்தை வாங்கி அப்படியே நிற்பார். எதிரே இருப்பவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்த்துவிட்டு மறுபக்கம் போவார். நடுவில் குள்ளமான லொபொட்கா, யார் நெருக்கினாலும் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே வந்துவிடுவார். முன்னால் முகமூடி போட்ட விக்டர் ஓசிம்ஹென். உலகக் கோப்பைக்காக நவம்பரில் லீக் நின்றபோது 15 ஆட்டம், 13 வெற்றி, 2 டிரா. தோல்வியே இல்லை. ஜனவரி 4-இல் மறுபடி ஆரம்பித்த முதல் ஆட்டத்திலேயே மிலான் நகரத்து இன்டரிடம் 1-0 தோல்வி. சரி, காற்றுப் போய்விட்டது என்று நினைத்தேன்.

அப்புறம் ஜனவரி 13, எதிரே யுவென்டஸ். அவர்களுக்குத் தொடர்ந்து எட்டு வெற்றி, அந்த எட்டிலும் ஒரு கோல்கூட விடவில்லை. நமக்கு நள்ளிரவு 1:15, விடிந்தால் போகி. நாப்போலி 5, யுவென்டஸ் 1. மூன்று மணிக்கு ஆட்டம் முடிந்தும் தூக்கம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் தெருவில் பழைய பாயும் டயரும் எரிய ஆரம்பித்தன, பிள்ளைகள் மேளம் தட்டினார்கள். இத்தாலி என்றால் தடுப்பாட்டம் என்ற என் பழைய நினைப்பையும் அதிலேயே போட்டுவிட்டேன்.

இனி குறை. பிப்ரவரி கடைசியில் நாப்போலிக்கும் இரண்டாவது இடத்துக்கும் 18 புள்ளி வித்தியாசம். பட்டத்துக்கான போட்டி செத்துவிட்டது. முதலிடச் சண்டைக்காக மட்டும் சந்தா கட்டியவர் அங்கேயே ரத்து செய்திருப்பார். நான் பட்டியலின் அடிப்பக்கம் பார்க்கப் பழகினேன். மோன்ட்சா வரலாற்றிலேயே முதல்முறை சீரி ஆ வந்த அணி, அப்போது முன்னாள் பிரதமர் பெர்லுஸ்கோனியுடையது. முதல் ஆறு ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளி. இளையோர் அணியைப் பார்த்துக்கொண்டிருந்த பல்லாடினோ கைக்கு வந்ததும், முதல் ஆட்டத்திலேயே யுவென்டஸை வீழ்த்தினார்கள். ஜனவரியில் அவர்கள் மைதானத்துக்கே போய் இன்னொரு முறை. கிரெமோனேசே இன்னும் வினோதம். லீக்கில் ஒரு வெற்றிகூட இல்லாத நிலையில் இத்தாலியக் கோப்பையிலிருந்து நாப்போலியையும் ரோமாவையும் வெளியே அனுப்பினார்கள். லீக்கில் முதல் வெற்றி பிப்ரவரி 28-இல்தான் வந்தது. அதுவும் பாவம், ரோமாவிடமிருந்தே.

எனக்கு உண்மையில் எரிச்சல் தந்தது வேறு விஷயம். வீரர்களை வாங்கி விற்ற கணக்கில் லாபத்தை ஊதிக் காட்டியதாக ஜனவரி 20-இல் யுவென்டஸுக்கு 15 புள்ளி வெட்டு. மூன்றாவது இடத்திலிருந்து பத்தாவது. ஏப்ரல் 20-இல் திருப்பிக் கொடுத்தார்கள். மே 22-இல் மறுபடி 10 வெட்டு, கடைசியில் ஏழாவது இடம். தண்டனை சரியா தவறா என்பது வேறு பேச்சு. வெள்ளிக்கிழமை ஒரு பட்டியல், சனிக்கிழமை ஒரு பட்டியல் என்றால் பார்க்கிறவன் எதை நம்பிக் கண்விழிப்பது?

பட்டம் முடிவான விஷயம்தான், ஆனால் கைக்கு வரவேண்டுமே. ஏப்ரல் 30-இல், இரண்டாவது இடத்திலிருந்த லாட்சியோ இன்டரிடம் தோற்றுவிட்டது. நாப்போலி சலெர்னிடானாவை வென்றால் அன்றே கொண்டாட்டம். 1-0 என்று போய்க்கொண்டிருந்த ஆட்டத்தில், 84-ஆம் நிமிடம் சலெர்னிடானாவின் பௌலாயே தியா கோல் போட்டுச் சமன் செய்துவிட்டார். ஊர் முழுக்க வெளிர்நீலத் தோரணம் கட்டி, வீரர்களின் அட்டை உருவங்களைத் தெருவில் நிறுத்திவிட்டு, முகூர்த்தம் தள்ளிப்போன கல்யாண வீடு மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மே 4-இல் உடினேவில் 1-1, ஓசிம்ஹென்னின் கோல். ஆட்டம் உடினேவில், ஆனால் நாப்போலியின் சொந்த மைதானத்தில் 50,000 பேருக்கு மேல் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 33 வருஷத்துக்குப் பிறகு பட்டம். பிப்ரவரியிலேயே தெரிந்த முடிவுதான் என்றாலும், அந்த இரவு இரண்டு மணிக்கு நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.

கடைசி மிச்சம் ஜூன் 11. ஸ்பெட்சியாவும் வெரோனாவும் ஆளுக்கு 31 புள்ளி. கோல் வித்தியாசம் பார்க்காமல், பொது மைதானத்தில் ஒரே ஆட்டம், தோற்றவர் கீழ் லீக்குக்கு. வெரோனா 3-1. எல்லா லீக்கிலும் வைக்கவேண்டிய விதி இது.

அதற்குப் பிறகும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அடுத்த வருஷமே நாப்போலி மூன்று பயிற்சியாளர்களை மாற்றிப் பத்தாவது இடத்துக்கு விழுந்தது. 2024-இல் பயிற்சியாளராகக் கான்டே வந்தார், 2025-இல் இன்டரை ஒரே ஒரு புள்ளியில் தாண்டிக் கடைசி நாளில் பட்டம். நகம் கடிக்கிற பந்தயம் வேண்டும் என்றால் அதுதான் சீசன். ஆனால் சீரி ஆ பார்க்கலாமா என்று யாராவது கேட்டால், நான் இன்னமும் எடுத்துப் போடுவது அந்தப் போகி ராத்திரி ஆட்டத்தைத்தான்.