காபியோடு கேலியும் பரிமாறும் திண்ணைக் கடை

கும்பகோணத்தில் டிகிரி காபி என்று பலகை மாட்டிய கடைகளுக்குக் குறைவே இல்லை. நான் சொல்லவிருப்பது, பொற்றாமரைக் குளத்துக்கு அருகே ஒரு சந்தில், பழைய ஓட்டு வீட்டின் முன்பகுதியில் பலகையே இல்லாமல் நடக்கும் சிறு கடையைப் பற்றி. உட்காரத் திண்ணை இருப்பதால் நாங்கள் அதைத் திண்ணைக் கடை என்போம். வீட்டு நடப்புகளையும் ஊர் நடப்புகளையும் அவரவர் போக்கில் எழுதி, ஒருவர் எழுத்தை மற்றவர் படித்துக் கேலி செய்யும் நண்பர்கள் சிலர் ஞாயிறு காலையில் அங்கே கூடுகிறோம். அதற்கு இதைவிடத் தோதான இடத்தை நான் பார்த்ததில்லை.

காபியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் கலக்காத பசும்பாலை அவ்வப்போது புதிதாகக் காய்ச்சுகிறார்கள். முதலில் இறங்கிய டிகாக்‌ஷன் தீர்ந்தால் வேறு பொடி போடுகிறார்களே தவிர, அதே பொடியில் மறுபடியும் வெந்நீர் ஊற்றுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை இட்லிக்குக் கடப்பா உண்டு. வெந்த பாசிப்பருப்பும் மசித்த உருளைக்கிழங்கும் சேர்ந்து தளதளவென்று வரும் அதில், தேங்காயோடு அரைத்த சோம்பு முதலில் மணக்கும். கடைசியில் பிழிந்த எலுமிச்சை பிறகுதான் நாக்குக்குத் தெரியும்.

ஆனாலும் எங்களை அங்கே இழுப்பது பேச்சுதான். மாமியார் வீட்டு விருந்தைப் பற்றி உருகி எழுதியிருந்த நண்பர் ஒருமுறை காபி கேட்டதும், பக்கத்தில் இருந்தவர், "அண்ணனுக்குச் சர்க்கரை வேணாம், கட்டுரையிலேயே கொட்டிட்டாரு" என்றார். "நம்மகிட்ட டிகாக்‌ஷன் இருக்கு, சர்க்கரை தாங்கும். நீங்க எழுதினது வெறும் பாலுல்ல!" என்று உடனே பதில் வந்தது. பால் என்று பெயர் வாங்கியவர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். தஞ்சாவூர்க் குசும்பு என்று ஊரார் சொல்வது இதைத்தான். குத்து இருக்கும், காயம் இருக்காது.

கடைக்காரரும் இதில் சளைத்தவர் அல்லர். திண்ணையின் கடைசியில் உட்கார்ந்திருந்தவருக்குக் காபி வரத் தாமதமானபோது, அவர், "மேட்டூரைத் திறந்து எத்தனை நாளாச்சு, கடைமடைக்கு இன்னும் தண்ணி வரலையே" என்று குரல் கொடுத்தார். ஆற்றிக்கொண்டிருந்த டபராவிலிருந்து கண்ணை எடுக்காமலே, "கல்லணையில முறை வச்சு விடுறோம் அண்ணே, உங்க வாய்க்காலுக்கு அடுத்த முறை" என்றார் கடைக்காரர். பாசனத்துக்கு மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 நெருங்கினாலே அதன் நீர்மட்டத்தை விசாரிக்கத் தொடங்கும் இந்த மண்ணில் அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. திண்ணை முழுவதும் சிரித்தது.

அதே கடைக்காரர், அறுவடைக்கு நின்ற சம்பாப் பயிர் மழையில் சாய்ந்துபோன ஒரு நண்பர் வந்த அன்று, தண்ணீரைப் பற்றி ஒரு சொல்லும் வேடிக்கையாகப் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எப்போது கேலி பேசலாம், எப்போது கூடாது என்று அறிந்த கடைக்காரர் கிடைப்பது அபூர்வம். முன்பு நாங்கள் கூடிவந்த பெரிய ஹோட்டல் ஒன்றில் காபி வந்த கையோடு பில்லும் வந்துவிடும். பேச்சு சூடுபிடிப்பதற்குள் மேசையைத் துடைக்க ஆள் வந்து நிற்பார்.

குறைகளும் உண்டு. திண்ணையில் ஏழெட்டுப் பேருக்கு மேல் இடமில்லை; முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறி உட்காருவது சிரமம். இரண்டு நாற்காலிகள் போட்டால் எங்கள் கூட்டத்தின் மூத்த பெண்மணிகளும் நிம்மதியாக உட்காருவார்கள் என்று கடைக்காரரிடமே சொல்லியிருக்கிறேன். சந்துக்குள் கார் நுழையாது என்பதால் வண்டியைப் பெரிய தெருவில் விட்டுவிட்டு நடந்து செல்லுங்கள். எட்டு மணிக்குமேல் போனால் இட்லி இருக்கும், கடப்பா இருக்காது.