ஒரு வாரம்தான் கையில் இருக்கிறதா? கார்ன்வாலை விடுங்கள், வடக்கே போங்கள்

இங்கிலாந்தின் கிராமப்புறத்தையும் கடற்கரையையும் ஒரே வாரத்தில் பார்க்க வேண்டும், அந்த ஊர்ச் சந்துகளில் கார் ஓட்டுகிற துணிச்சல் இல்லை, கைடோடு போகிற குழுவில் சேர்ந்துவிடலாம் என்று முடிவு செய்தவர்களுக்கு முன்னால் வந்து நிற்பவை பெரும்பாலும் இரண்டு வழித்தடங்கள். ஒன்று தென்மேற்கு: ஸ்டோன்ஹெஞ்ச், பாத், காட்ஸ்வோல்ட்ஸ், டார்செட், டெவன், கடைசியில் கார்ன்வால். இன்னொன்று வடக்கு: லேக் டிஸ்ட்ரிக்ட், யார்க்‌ஷர் டேல்ஸ், விட்பி, நார்த்தம்பர்லாந்து. விளம்பரப் படங்களில் தென்மேற்குதான் பளிச்சென்று இருக்கும். நான் வடக்கின் கட்சி. ஆனால் தென்மேற்கு ஜெயிக்கிற இடங்களும் உண்டு, அதையும் மறைக்கவில்லை.

முதலில் மேப்பை விரித்துப் பாருங்கள். தென்மேற்கு என்பது அட்லாண்டிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற தீபகற்பம், கார்ன்வாலின் முனைக்குப் போனால் அதற்கு மேல் வழி கிடையாது, திரும்பித்தான் வர வேண்டும். லண்டனிலிருந்து அந்த முனையான லேண்ட்ஸ் எண்டுக்குச் சாலை வழியே சுமார் 300 மைல். அங்கே கோச் என்று சொல்கிற பெரிய சுற்றுலா பஸ்களில் மணிக்கு 62 மைலுக்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கும், அதோடு நாலரை மணி நேரம் ஓட்டினால் டிரைவர் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். "அழகான கிராமத்தில் நிறுத்துவார்கள்" என்று நினைத்துக் காத்திருந்தால், நெடுஞ்சாலை ஓர உணவக வளாகத்தில் காபியும் கழிப்பறையும்தான் கிடைக்கும். ஆக லண்டனில் ஏறி லண்டனிலேயே இறங்குகிற ஏழு நாள் கார்ன்வால் பயணத்தில், போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று கிட்டத்தட்ட இரண்டு நாள் ஜன்னலோரத்திலேயே கழிந்துவிடும்.

வடக்கில் கதையே வேறு. அங்கே நாடு ஒடுங்கிப் போகிறது. மேற்குக் கடலிலிருந்து கிழக்குக் கடலுக்குப் போக மலைநடை வழிகாட்டி நூல்கள் எழுதிய ஆல்பிரட் வெயின்ரைட் வகுத்துக் கொடுத்த நடைபாதையே, வளைந்து நெளிந்து போயும், சுமார் 190 மைல்தான். ஆட்கள் இரண்டு வாரத்தில் நடந்தே முடிக்கிறார்கள். லேக் டிஸ்ட்ரிக்ட் என்கிற ஏரிப் பகுதியில் காலைச் சாப்பாட்டை முடித்துக் கிளம்பினால் மதியத்துக்குள் வடகடல் கரையில் நிற்கலாம். இன்னொரு சௌகரியம், லண்டனிலிருந்து யார்க் ரயிலில் இரண்டு மணி நேரம்தான். யார்க்கில் தொடங்கி அங்கேயே முடிகிற பயணத்தைத் தேடிப் பிடித்தால் நெடுஞ்சாலையில் உட்கார்ந்திருக்கிற நாளே இல்லை.

சரி, கடற்கரை என்று வந்தால்? இங்கே தென்மேற்குக்குத்தான் முதல் இடம், சந்தேகமே வேண்டாம். எக்ஸ்மத்திலிருந்து ஸ்டட்லண்ட் வரை 95 மைல் நீளும் ஜுராசிக் கரை 2001-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, அந்தப் பாறைகளில் 18.5 கோடி ஆண்டு வரலாறு அடுக்கடுக்காகக் கிடக்கிறது. டர்டில் டோர் என்கிற சுண்ணாம்புப் பாறை வளைவைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது லைம் ரீஜிஸும் பக்கத்தில் இருக்கிற சார்மத்தும்தான். மேரி ஆனிங் (1799–1847) புதைபடிவங்களைத் தோண்டி எடுத்த கரை அது. இன்றைக்கும் அலை உள்வாங்கியதும் கூழாங்கற்களைக் கிளறிக்கொண்டு குழந்தைகளும் தாத்தாக்களும் குனிந்தபடியே போவார்கள். விரல் நகம் அளவுக்குச் சுருள் சுருளாக, பித்தளை நிறத்தில் மின்னுகிற அம்மோனைட் (பழங்காலக் கடல் உயிரியின் புதைபடிவம்) கிடைத்தால் எடுத்துக்கொண்டு போகலாம், யாரும் கேட்க மாட்டார்கள். மலைச்சரிவைச் சுத்தியலால் கொத்தக்கூடாது, அது அவ்வப்போது சரிகிற மண்.

வடக்கின் கரை அவ்வளவு வண்ணமயமானது இல்லை, குளிரும். ஆனால் வேறு விதத்தில் ஆளை அசத்தும். நார்த்தம்பர்லாந்தின் பாம்பரோவில் நீண்ட வெறும் மணல்வெளி, அதற்கு மேல் கரும்பாறையில் கோட்டை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சீஹவுசஸ் துறைமுகம். படகில் ஏறினால் ஃபார்ன் தீவுகள், ஆயிரக்கணக்கில் பஃபின் பறவைகள். மே, ஜூன் மாதங்களில் தீவில் இறங்கினால் தொப்பி கட்டாயம்: கூட்டுக்குப் பக்கத்தில் வருகிறவர்களின் மண்டையில் ஆர்க்டிக் ஆலாப் பறவைகள் நேராக வந்து கொத்தும், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சில படகுகள் தீவைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிவிடும், இறங்க விடாது. உங்கள் கட்டணத்தில் எந்தப் படகு சேர்ந்திருக்கிறது என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

அலை இறங்கினால் போகிற தீவு இரண்டு பக்கமும் உண்டு. கார்ன்வாலில் செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்ட்: நீர் வற்றினால் கல் பாதையில் நடக்கலாம், ஏறினால் சீசனில் படகு உண்டு, எப்படியும் காரியம் நடந்துவிடும். வடக்கே லிண்டிஸ்ஃபார்னுக்குப் போவது வண்டிச் சாலை, தினமும் இரண்டு முறை கடல் அதை மூடிவிடும். நேரம் தப்பிப் போய் மாட்டிக்கொள்கிறவர்கள் ஏறி நிற்பதற்கென்றே நடுவழியில் கால்கள் மேல் நிற்கும் ஒரு சின்னக் குடில் கட்டி வைத்திருக்கிறார்கள். 793-ல் வைக்கிங்குகள் வந்து சூறையாடிய மடாலயம் இருந்த தீவு இது. அங்கே எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்பதைக் கடல்தான் முடிவு செய்யும், ஆகவே நீங்கள் போகிற தேதியின் பாதுகாப்பான நேரத்தைப் பார்த்துத் திட்டம் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஆளைப் பார்க்கலாம்.

உள்நாட்டு அழகில் வடக்கு ரொம்ப முன்னால் போய்விடுகிறது. காட்ஸ்வோல்ட்ஸின் தேன் நிறக் கல் வீடுகள் அழகுதான், ஆனால் பைபரியில் ஒரே வரிசை வீடுகள் முன்னால் பஸ் பஸ்ஸாக இறங்கி, படம் எடுத்து, ஏறிப் போகிற சடங்கு சீக்கிரமே சலித்துவிடும். லேக் டிஸ்ட்ரிக்ட் அப்படி இல்லை. 978 மீட்டர் உயரமான ஸ்காஃபெல் பைக், இங்கிலாந்தின் ஆக உயரமான மலை, இங்கேதான். ஆனால் உயரம் பெரிய விஷயமில்லை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளிச்சம் மாறி ஏரியின் நிறமே வேறாகிவிடும், அதுதான் விஷயம். குழந்தைகள் கதை எழுதிய பீட்ரிக்ஸ் பாட்டர் 1943-ல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேல் நிலமும் பண்ணைகளும் நேஷனல் டிரஸ்ட் என்கிற பாதுகாப்பு அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். இன்று நீங்கள் பார்க்கிற ஆடு மேயும் சரிவுகளில் கணிசமானவை அப்படித் தப்பியவை. அப்புறம் டேல்ஸில் சாந்தே இல்லாமல் அடுக்கிய கல் சுவர்கள், பள்ளத்தாக்குக்குக் குறுக்கே 24 வளைவுகளோடு ரிபிள்ஹெட் ரயில் பாலம்.

மழையைச் சொல்லாமல் விட்டால் ஏமாற்றியதாகிவிடும். லேக் டிஸ்ட்ரிக்டின் சீத்வெயிட்டில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது, சென்னையில் பெய்வதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். மேகம் மலையை மூடிவிட்டால் ஒரு நாள் முழுக்க ஒன்றும் தெரியாது. நடுவில் இருக்கிற பெனைன் மலைகளைத் தாண்டிக் கிழக்குக் கரைக்குப் போய்விட்டால் மழை குறையும், அதனால்தான் இரண்டையும் சேர்த்த பயணத்தைச் சொல்கிறேன். ஏப்ரலிலோ அக்டோபரிலோதான் போக முடியும் என்றால் தென்மேற்கே மேல், குளிர் குறைவு.

வண்டியின் அளவு வழித்தடத்துக்குச் சமமான விஷயம். ஐம்பது பேர் பஸ்ஸால் லேக் டிஸ்ட்ரிக்டின் ஹார்ட்நாட் கணவாயில், மூன்றடி போனால் ஓரடி உயர்கிற ஏற்றத்தில் ஏறவே முடியாது. வின்டர்மியர் ஏரிக் கரையில் ஒரு படகுச் சவாரி, கொஞ்சம் கடைத்தெரு, அவ்வளவோடு லேக் டிஸ்ட்ரிக்ட் முடிந்துவிடும். கார்ன்வாலிலும் அதே கதைதான், போல்பெரோ மாதிரி மீனவக் கிராமங்களுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். ராபீஸ் மாதிரி 16 பேர் மினிபஸ் ஓட்டுகிறவர்களிடம் பணம் கூட ஆகும், பெரிய பெட்டியும் கொண்டு போக முடியாது, ஆனால் சின்னச் சாலைகள் திறக்கும். நடக்கிற தெம்பு இருந்தால் மூன்றாவது வழியும் உண்டு: 1913-ல் தொடங்கிய கூட்டுறவு அமைப்பான ஹெச்எஃப் ஹாலிடேஸ் ஒரே வீட்டில் தங்க வைத்து, தினமும் சுலபம், நடுத்தரம், கடினம் என்று வழிகாட்டியோடு நடை வைக்கிறது. தினமும் பெட்டி கட்டுவதே பிடிக்காதவர்களுக்கு இதுதான் சரி. தனியாகப் போகிறவர்கள் எங்கே சேர்ந்தாலும் தனி அறைக்குக் கூடுதல் தொகை கேட்பார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. யார்க்‌ஷரின் பல மீன் வறுவல் கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள், உருளைக்கிழங்கு சிப்ஸும் அதிலேயே. கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கார்ன்வாலில் சீஸும் வெங்காயமும் வைத்துச் சுட்ட மடிப்பு ரொட்டியான பாஸ்டி எளிதாகக் கிடைக்கும், அந்த ஒரு விஷயத்தில் தெற்கு நிம்மதி.

பிள்ளைகளோடு போகிறீர்கள், புதைபடிவம் தேடியே ஆக வேண்டும் என்றால் தென்மேற்கையே எடுங்கள், ஆனால் பாத், டார்செட், கிழக்கு டெவன் என்று நிறுத்திக்கொள்கிற பயணமாக இருக்கட்டும். கார்ன்வாலுக்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்குங்கள், ஆகஸ்டில் மட்டும் வேண்டாம், பள்ளி விடுமுறைக் கூட்டத்தில் அறை விலையும் சாலையும் திணறும். வடக்கென்றால் மே கடைசியிலிருந்து ஜூலை நடுவுக்குள் போய்விடுங்கள். ஜூலை முடிவதற்குள் பஃபின்கள் பெரும்பாலும் கடலுக்குக் கிளம்பிவிடும்.