வருஷம் கண்டுபிடிக்கிற கார்டு கேம்: எங்க மாமியார் ஜெயிச்ச கதை

லோட் ஷெடிங் உச்சத்துல இருந்த நேரம், ராத்திரி கரண்ட் இல்லாம பிள்ளைங்க உயிரை வாங்குறாங்களேன்னு ஆன்லைன்ல 340 ராண்டு குடுத்து வாங்குனது. தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருக்கற எங்க சாட்ஸ்வொர்த்துக்கு வந்து சேர மூணு வாரம் ஆச்சு, பெட்டி மூலையெல்லாம் நசுங்கி வந்துச்சு, சரி அதை விடுங்க. விஷயம் என்னன்னா அமெரிக்காவுல பொம்பளைங்க உரிமை வாங்குன வரலாறை 60 கார்டா போட்டிருக்காங்க. முன்பக்கம் என்ன நடந்துச்சுன்னு இருக்கும், பின்பக்கம் வருஷம். பின்பக்கம் பாக்காம மேசைல இருக்கற வரிசைல சரியான எடத்துல சொருகணும், அவ்ளோதான் ரூல்.

மொத ரவுண்டு சப்புனுதான் இருந்துச்சு. பொம்பளைங்க உரிமைக்காக நடந்த 1848 செனிகா ஃபால்ஸ் மாநாடு, 1920 ஓட்டுரிமை, இதெல்லாம் பொண்ணு டக்குடக்குனு வச்சிட்டா. அப்புறம்தான் சூடு பிடிச்சுது. பொம்பளைங்க ஓட்டுரிமைக்குப் போராடுன சூசன் பி. ஆண்டனி 1872ல ஓட்டு போட்டதுக்கு கைதாகி, 100 டாலர் ஃபைன் போட்டும் கடைசி வரைக்கும் கட்டாமலே இருந்துட்டாங்களாம், என் வீட்டுக்காரர் அதுக்கு கைதட்டுனாரு. ஜெனட் ராங்கின்ங்கறவங்க காங்கிரஸுக்கு, அதான் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, ஜெயிச்ச கார்டை எல்லாரும் 1920க்கு அப்புறம் வச்சு மாட்டிக்கிட்டோம், அது 1916! நாடு முழுக்க ஓட்டே வராதப்ப எம்பி ஆயிருக்காங்க, ஏன்னா அவங்க மாநிலம் மோன்டானால முன்னாடியே குடுத்துட்டாங்க.

அப்புறம் வந்துச்சு பாருங்க ஒரு கார்டு. பொம்பளைன்னு சொல்லியோ கல்யாணம் ஆயிடுச்சுன்னு சொல்லியோ கடன், கிரெடிட் கார்டு மறுக்கக் கூடாதுன்னு சட்டம். நான் 1930ன்னேன், பொண்ணு 1945ன்னா. மாமியார் அதை வாங்கி, படிப்புலயும் விளையாட்டுலயும் பொம்பளைங்களை ஒதுக்கக் கூடாதுங்கற 1972 சட்டத்துக்கு அப்புறம் வச்சாங்க. திருப்பிப் பாத்தா 1974. எப்படிம்மா தெரியும்னு கேட்டா, 1979ல தையல் மிஷின் தவணைல வாங்கப் போனப்ப கடைக்காரன் "உங்க வீட்டுக்காரரை வரச்சொல்லுங்க"ன்னு திருப்பி அனுப்புனான், இங்க அப்படின்னா அங்க மட்டும் சீக்கிரமா குடுத்திருப்பானாக்கும், அப்படின்னாங்க. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அந்த மிஷின் கதை எனக்குத் தெரியவே தெரியாது.

இப்ப குறை. 1920 கார்டுல "பெண்கள் எல்லாருக்கும் ஓட்டு"ன்னு அடிச்சிருக்கான். தெற்கு மாநிலங்கள்ல கறுப்பினப் பெண்களை தேர்வு, வரின்னு ஏதேதோ சொல்லி நிறுத்தி வச்சு, 1965 ஓட்டுரிமைச் சட்டம் வந்தப்புறம்தான் நிலைமை மாறுச்சு. அந்த 1965 கார்டே இந்தப் பெட்டில இல்ல! இந்த ஊர்ல இருந்துக்கிட்டு இதை சும்மா விட முடியுமா, இங்கயும் 1930ல ஓட்டு குடுத்தாங்க, வெள்ளைக்காரப் பெண்களுக்கு மட்டும், நம்மாளுங்க 1994 வரைக்கும் காத்துக் கெடந்தோம். கமலா ஹாரிஸ் கார்டுல அம்மா இந்தியாவுலேர்ந்து வந்தவங்கன்னு மட்டும் இருக்கு, நான் பேனாவால "தமிழ்"னு சேத்துட்டேன்.

நல்லவேளை அஞ்சு வெத்து கார்டு வச்சிருக்கான், சொந்தமா எழுதிக்கலாம். பொண்ணு மொதல்ல எழுதுனது வள்ளியம்மை, காந்தி இங்க நடத்துன சத்தியாகிரகத்துல மாரிட்ஸ்பர்க் ஜெயிலுக்குப் போய் நோயோட வெளிய வந்து 1914 பிப்ரவரில 16 வயசுல செத்துப்போச்சே அந்தப் பிள்ளை. அப்புறம் 1956 ஆகஸ்ட் 9, பிரிட்டோரியால 20,000 பொம்பளைங்க பாஸ் சட்டத்தை, அதான் கறுப்பினத்தவங்க எப்பவும் அனுமதிச் சீட்டு வச்சிருக்கணும்ங்கற சட்டத்தை, எதிர்த்து ஊர்வலம் போனது. 1930, 1965, 1994 எழுதுனதும் அஞ்சும் காலி. மாமியார் இப்ப 1979ஐ எழுத ஒரு கார்டு கேக்குறாங்க, கஞ்சிப்பெட்டி அட்டையை வெட்டித்தான் குடுக்கணும் போல.

அட்டை ரொம்ப மெல்லிசு, எழுத்து பொடிசு, மெழுகுவர்த்தி வெளிச்சத்துல கண்ணு வலிக்குது. என் மார்க் அஞ்சுக்கு மூணரை. பத்து வயசுக்கு மேல பிள்ளைங்க இருந்தா வாங்கலாம், விலை 250க்கு எறங்குனா யோசிக்காம வாங்குங்க.