ஹிப்பார்கோஸ் தரவா, கையா தரவா?
ஹிப்பார்கோஸ், கையா இரண்டும் விண்மீன்களை அளக்க ஐரோப்பா அனுப்பிய விண்கலங்கள். விண்மீனின் இடமும் ஒளி அளவும் வேண்டுமென்றால் இன்று எல்லோரும் நேராக கையாவுக்குத்தான் போகிறார்கள், அது சரியான முடிவுதான். 1989-இல் ஏவப்பட்ட ஹிப்பார்கோஸ் ஏறத்தாழ 1,18,000 விண்மீன்களை ஒரு மில்லி ஆர்க்செகண்ட் (ஒரு பாகையில் 36 லட்சத்தில் ஒரு பங்கு) அளவு துல்லியத்தில் அளந்தது; 2022-இல் வந்த கையாவின் மூன்றாம் வெளியீட்டில் இருப்பவை சுமார் 180 கோடி, ஓரளவு பிரகாசமானவற்றுக்கு இடமாறு தோற்றப் (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் சற்றே இடம் மாறித் தெரிவது, தூரத்தைக் கணிப்பது இதை வைத்துத்தான்) பிழை 0.02, 0.03 மில்லி ஆர்க்செகண்ட்தான். கார்த்திகைக் கூட்டத்தின் தூரத்தை ஹிப்பார்கோஸ் 390 ஒளியாண்டை ஒட்டிச் சொல்லப்போய் பல வருடம் விவாதம் நடந்தது, கையா 440-ஐ ஒட்டி என்று காட்டியபிறகுதான் அது ஓய்ந்தது.

ஒளி அளவிலும் கையாதான் மேல். முழு ஒளி, நீலம், சிவப்பு என மூன்று பட்டைகள் இருப்பதால் நிறம் தெரியும், அதை வைத்து வெப்பநிலையையும் கணிக்கலாம்.

ஆனால் ஹிப்பார்கோஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். திருவாதிரை, சிரியஸ் எல்லாம் கையாவின் கருவிக்கு அளவுக்கு மீறிய வெளிச்சம், அங்கே பழைய அட்டவணைதான் கைகொடுக்கும். அப்புறம், இரண்டின் அளவீடுகளுக்கும் நடுவில் கிட்டத்தட்ட 25 வருட இடைவெளி இருக்கிறதே, அதை வைத்து ஒரு விண்மீனின் நகர்வு மாறியிருக்கிறதா என்று பார்த்து, அதை இழுக்கும் கண்ணுக்குத் தெரியாத துணையைக்கூடப் பிடிக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த பயன்பாடு இதுதான்.