எச்சரிக்கை: பவர் ஸ்டீயரிங் சரிசெய்கிறேன் என்று ரூ.18,500 சுருட்டிய ஹைட்ராலிக் பட்டறை

ரூ.18,500 போயிற்று. ரசீது இல்லை, கழற்றிய பழைய பாகமும் கைக்கு வரவில்லை. குறுவைக்குத் தொழி ஓட்டிக்கொண்டிருக்கும் டிராக்டர்க்காரர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். ஸ்டீயரிங் இறுகினால் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன்.

என்னுடையது இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய வண்டி. காலையில் ஸ்டீயரிங் ஒரு விரலுக்குத் திரும்பும். எண்ணெய் சூடேறியதும் இறுகிவிடும். வரப்போரம் திருப்ப இரண்டு கையும் போதாது. பம்ப் பக்கம் ஓர் உறுமல். எண்ணெய்த் தொட்டியைத் திறந்தால் நுரை. வாய்க்காலில் முறைத் தண்ணீர், நாற்றங்காலில் நாற்று முற்றுகிறது. பக்கத்து நகரத்தில் பைபாஸ் ஓரமாக இருக்கும் ஹைட்ராலிக் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். சூடானால் இறுகுவதையும் உறுமலையும் நுரையையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

அந்த ஆளின் பேச்சைச் சொல்ல வேண்டும். "அண்ணே, நானும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான், தண்ணீர் வந்த நேரத்தில் வண்டி நின்றால் என்ன பாடு என்று எனக்குத் தெரியாதா" என்றான். டீ வரவழைத்தான். எஞ்சினை நிறுத்தி என்னையே ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொன்னான், பிறகு ஓடவிட்டுத் திருப்பச் சொன்னான். "வித்தியாசம் தெரிகிறதா? இல்லை அல்லவா? ஆர்பிட்ரால் செத்துவிட்டது." ஸ்டீயரிங் திரும்பும் பக்கத்துக்கு எண்ணெயைப் பிரித்து அனுப்பும் வால்வைத்தான் ஆர்பிட்ரால் என்கிறார்கள். என் கையாலேயே எனக்கு நிரூபித்துக் காட்டிவிட்டான்! உதவி கிடைக்கவில்லை என்பதைத்தான் அந்தச் சோதனை காட்டும். கோளாறு பம்பிலா, அழுத்தம் மிஞ்சாமல் காக்கும் ரிலீஃப் வால்விலா, சிலிண்டர் சீலிலா என்று அது சொல்லாது. அதைச் சொல்லும் பிரஷர் கேஜ் அவன் தலைக்கு மேல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. தொடவே இல்லை. புதிய ஒரிஜினல் ஆர்பிட்ரால் ரூ.20,000, ரொக்கமென்றால் ரூ.18,500 என்றான். கொடுத்தேன். தொட்டியில் புது எண்ணெய் ஊற்றி, வண்டி ஆறியிருந்தபோது ஓட்டிக் காட்டினான். வெண்ணெய் போலத் திரும்பியது.

மறுநாள் வயலில் சூடேறியதும் அதே இறுக்கம், அதே உறுமல்.

போன் செய்தேன். "எண்ணெய் செட் ஆக வேண்டும் அண்ணே, நாலு நாள் ஓட்டுங்கள்." ஓட்டினேன். அடுத்து, முன் டயரில் காற்றுக் குறைவாக இருக்கும் என்றான். காற்றைப் பார்த்துவிட்டு அழைத்தேன். கேஜ் வீல் (சேற்று உழவுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்டுச் சேற்றில் ஓட்டினால் அப்படித்தான் என்றான். அவனே அதற்குத்தானே விற்றான்! நேரில் போனபோது முதலாளி வெளியூர் என்று ஒரு பையன் சொன்னான். முதலாளி அவன்தான். பிறகு "சாமானுக்குக் கம்பெனிதான் பொறுப்பு, நான் மாட்டிக்கொடுத்தவன்" என்று வந்தது. எந்தக் கம்பெனி என்று கேட்டதும் லைன் துண்டானது. இப்போது என் எண்ணை எடுப்பதே இல்லை. அண்ணே என்று அழைத்த வாய்.

உண்மையான கோளாறைக் கண்டுபிடித்தவர் எங்கள் தெருவில் டீசல் எஞ்சின் பார்க்கும் பெரியவர். "நுரை என்றால் காற்று இழுக்கிறது தம்பி" என்று தொட்டியிலிருந்து பம்புக்குப் போகும் உறிஞ்சு குழாயைப் பிடித்து வளைத்தார். கிளிப்புக்கு அடியில் வெடிப்பு. ரப்பர் சூட்டில் இளகியதும் வெடிப்பு விரிந்து, பம்ப் எண்ணெயோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சியிருக்கிறது. ஓடும்போது அந்தப் பக்கம் அழுத்தம் இல்லாததால் வெளியே பீய்ச்சவில்லை. லேசாகக் கசிந்து தூசி அப்பிக் கிடந்தது, அவ்வளவுதான். குழாயும் இரண்டு கிளிப்பும் ரூ.340. மாட்டி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பித் திருப்பிக் காற்றை வெளியேற்றினார். உச்சி வெயிலிலும் இப்போது லேசாகத் திரும்புகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த ரூ.18,500 "ஒரிஜினலை" டீசல் துணியால் துடைத்தால் பெயிண்ட் உரிகிறது. உள்ளே வேறு நிறத்தில் பழைய பெயிண்ட், போல்ட் தலைகளில் ஸ்பேனர் தேய்ந்த தடம். என் பழைய ஆர்பிட்ரால் இந்நேரம் யாருக்கோ "புதியதாக" விற்றிருக்கும்.

1915 நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்தேன். பில் கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது கடையின் பெயர்கூட இல்லாத துண்டுச் சீட்டு. ஆனாலும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ரூ.5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, எழுதித்தான் கொடுக்கப்போகிறேன்.

விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. எண்ணெய் அளவு, ஃபில்டர், உறிஞ்சு குழாய், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். முன் அச்சை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்து, முன் சக்கரம் திரும்பும் ஆணியான கிங்பின்னுக்குக் கிரீஸ் அடியுங்கள். ஓடும்போது கசிவைக் கையால் தடவாதீர்கள், அழுத்த எண்ணெய் தோலைத் துளைக்கும். அட்டையை வைத்துப் பாருங்கள். பிரஷர் கேஜ் மாட்டி அழுத்தம் காட்டாத பட்டறையில் ஆர்பிட்ராலைக் கழற்ற விடாதீர்கள். கழற்றினால் பழையதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். ரொக்கத்துக்குத் தள்ளுபடி என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.