நீச்சல் குளத்துக்கு டிபிடி மாத்திரை கிட்: வாங்கலாமா?
குளத்து நீரில் மாத்திரையைக் கரைத்து, வரும் நிறத்தை வைத்து குளோரினையும் அமில-காரத் தன்மையையும் (பிஎச்) பார்க்கும் கிட் இது. எங்கள் குளத்துக்கு போர் தண்ணீர்தான், சுண்ணாம்பு அதிகம். கலங்கினால் குளோரின் கொட்டு, பராமரிப்புக்கு வருபவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்! இந்த முறை கலங்கியபோது இந்த கிட்டில் பார்த்தால் குளோரின் 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு), சரியாகவே இருந்தது. பிஎச்தான் 8ஐத் தொட்டிருந்தது. அந்த அளவில் சுண்ணாம்பு பிரிந்து மிதக்கும், குளோரினும் வீரியம் இழக்கும். ஆசிட் விட்டு 7.4க்கு இறக்கி, ஃபில்டரை இரவு முழுக்க ஓடவிட்டதும் அடியில் டைல்ஸ் தெரிந்தது.

வேறு கிட்களில் வரும், மஞ்சள் நிறம் காட்டும் துளி மருந்து, வேலை செய்து தீர்ந்ததையும் சேர்த்து மொத்தக் குளோரினைத்தான் சொல்லும். இந்த மாத்திரை வேலை செய்யும் குளோரினைத் தனியாக, இளஞ்சிவப்பு நிறத்தில் காட்டுகிறது. ஆனால் குளோரின் மிக அதிகமானால் அந்த இளஞ்சிவப்பு வெளுத்து, குளோரினே இல்லாததுபோல் தெரியும். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அது அநியாயம். மாத்திரையைக் கையால் தொடவும் கூடாது. விலை கொஞ்சம் கூடத்தான், இருந்தாலும் வாங்கலாம்.