நாமக்கல் லாரி பாடி பட்டறையில என் வி-கிராஸுக்கு கேம்பிங் செட்டப்: எட்டு மாசம் ஓட்டினதுக்கு அப்புறம்

வேலை முடிஞ்ச அன்னைக்கே எழுதியிருந்தா வெறும் புகழ்ச்சியாத்தான் இருந்திருக்கும், அதான் ஒரு மழைக்காலம் ஒரு கோடை ரெண்டும் பாத்துட்டு எழுதலாம்னு விட்டேன். வண்டி இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப், பின்னாடி தொட்டிக்கு மேல ஃபைபர் கேனோபி, அதாவது மூடற கூண்டு, முன்னாடியே போட்டிருந்தேன், அதுக்குள்ள ரெண்டு டிராயர், மேல படுக்க பலகை, தண்ணி டேங்க், பேட்டரிக்கு ஒரு இடம், இவ்வளவுதான் நான் கேட்டது.

முதல்ல கோயம்புத்தூர்லயே ஒரு மாடுலர் கிச்சன் பண்றவங்ககிட்ட கேட்டேன். 18 எம்எம் பிளைவுட்ல பண்ணித் தர்றோம், 1,60,000 ஆகும்னாங்க. டிராயிங் எல்லாம் கம்ப்யூட்டர்ல அழகா போட்டுக் காமிச்சாங்க. ஆனா வீட்டுக்கு வந்து கணக்கு போட்டுப் பாத்தேன், எட்டுக்கு நாலு 18 எம்எம் ஷீட் ஒண்ணு 30 கிலோவுக்கு மேல வருது, அவங்க சொன்ன டிசைனுக்கு நாலு ஷீட் வேணும். பிளை மட்டுமே 120 கிலோன்னா அப்புறம் சாமான் எங்க ஏத்தறது, ஆள் எங்க உக்கார்றது. அதோட எல்லா ஜாயின்ட்டும் ஸ்க்ரூதான். கிச்சன் ஒரே இடத்துல நிக்குது, அதுக்கு ஸ்க்ரூ போதும், வண்டி அப்படி இல்லைங்களே.

எங்க மாமா இருபது வருஷம் நேஷனல் பெர்மிட் லாரி ஓட்டினவரு. அவருதான் சொன்னாரு, "நீ தேடறத நாமக்கல்காரன் ஐம்பது வருஷமா பண்ணிட்டு இருக்கான், டிரைவர் படுக்கற பலகை, அதுக்கு அடியில பொட்டி, சைடுல தண்ணி டேங்க்கு, ஸ்டவ் வைக்க எடம், இதெல்லாம் லாரி கேபின்ல இல்லாததா, அங்க போ"ன்னு. அவர் சொன்ன ஒரு பட்டறைக்குப் போனேன். பேர் இங்க போடல, ஏன்னா கீழ கொஞ்சம் குறையும் சொல்லப் போறேன்.

மேஸ்திரிக்கு அறுபது வயசு இருக்கும். நான் போன்ல வெச்சிருந்த ஆஸ்திரேலியாக்காரன் டிராயர் படத்தைக் காமிச்சேன், ரெண்டு விரலால பெருசு பண்ணி பெருசு பண்ணி பாத்துட்டு, "இது நல்லாத்தான் இருக்குது தம்பி, ஆனா நீங்க உள்ள உக்காருவீங்களா, படுக்க மட்டுமா"ன்னு கேட்டாரு. நான் அதை யோசிக்கவே இல்ல. டிராயர் 14 இஞ்ச் உயரம் வேணும்னு எழுதிட்டுப் போயிருந்தேன். அவரு ரெண்டு செங்கல் மேல ஒரு பலகையைப் போட்டு வண்டிக்குள்ள வெச்சு, "ஏறி உக்காருங்க"ன்னாரு. உக்காந்தேன், தலை நேரா கேனோபி கூரையில இடிச்சுது. ஒரு செங்கலை எடுத்தாரு, அப்பவும் கழுத்தை வளைச்சுத்தான் உக்கார முடிஞ்சுது. பலகைய முழுசா எடுத்துட்டு தரையில உக்கார வெச்சாரு, அப்பதான் நிமிர முடிஞ்சுது. "பாத்தீங்களா, மழை பேஞ்சா ராத்திரி ஏழு மணில இருந்து படுத்தே கெடப்பீங்களா"ன்னாரு.

அந்த ஒரு கேள்வியில டிசைனே மாறிடுச்சு. டிராயர் உயரம் 11 இஞ்ச், நீளம் 36 இஞ்சோட நிறுத்திட்டோம். கேபின் பக்கம் மிச்சம் இருக்கற 20 இஞ்சை டிராயர் இல்லாம குழி மாதிரி விட்டு மேல தூக்கற மூடி போட்டாரு. ஓட்டும்போது அதுக்குள்ள டார்ப்பாலின், ஜாக்கி, கயிறு. மழை வந்தா அதையெல்லாம் எடுத்து முன் சீட்ல போட்டுட்டு குழியில இறங்கி காலை பலகை மேல நீட்டி நிமிர்ந்து உக்காந்துக்கலாம். ஒரு ஆளுக்குத்தான் இடம். ஆனா ஜூலைல வால்பாறையில ரெண்டு நாள் விடாம பேஞ்சப்போ அந்தக் குழியில உக்காந்துதான் சாப்பிட்டேன், படிச்சேன், எல்லாமே. எனக்கு இந்த செட்டப்லயே ரொம்பப் பிடிச்சது எதுன்னா இதுதான், இது நான் போட்ட டிசைன் இல்ல, அவர் கொடுத்தது.

ஃபிரேம் 40க்கு 40 அலுமினியம் டியூப், 2 எம்எம் கனம். இரும்புல போட்டா மீட்டருக்கு ரெண்டேகால் கிலோவுக்கு மேல, அலுமினியம்னா ஒரு கிலோ கூட வராது. வெல்டிங் கிடையாது, எல்லா மூலையிலயும் ஆங்கிள் வெச்சு போல்ட், உள்ள நைலான் வெச்ச லாக் நட். பலகை 12 எம்எம், ஐஎஸ் 710 முத்திரை இருக்கற, தண்ணி தாங்கற மரைன் பிளை, வெட்டின ஓரம் எல்லாம் ரெண்டு கோட் எப்பாக்ஸி. ஃபிரேம் பாடியைத் தொடற எடத்துல எல்லாம் பழைய கன்வேயர் பெல்ட் ரப்பரை வெட்டி வெச்சிருக்காரு. இது லாரிக்காரங்க புத்தி, வேற எவனும் பண்ண மாட்டான். எட்டு மாசத்துல ஒரு கிரீச் சத்தம் கூட வரல, இதை நான் சும்மா சொல்லல, கண்ணாடியை ஏத்திட்டு ரேடியோவை ஆஃப் பண்ணிட்டு காது கொடுத்துக் கேட்டுட்டுத்தான் சொல்றேன்.

முக்கியமா வண்டியில ஒரு ஓட்டை கூட போடல. கம்பெனி கொடுத்த கட்டற வளையம் இருக்கற நாலு எடத்துலயும் பிராக்கெட் வெச்சு போல்ட் போட்டிருக்கு, நாலையும் கழட்டினா மொத்தமும் வெளிய வந்துரும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, அதுக்கு மேல 2019ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, கம்பெனி ஸ்பெசிஃபிகேஷனை மாத்தற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு தெளிவா இருக்கு. அதனால பாடியை வெட்டறது சேசிஸ்ல வெல்டிங் வைக்கறதுன்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, கழட்டி எடுக்கற சாமானா வெச்சுக்கோங்க.

டிராயர் விஷயத்துக்கு வருவோம். நான் கனமான டெலஸ்கோப்பிக் சேனல், உள்ள இரும்பு குண்டு உருண்டு டிராயர் நீளற மாதிரி வருமே அது, வாங்கி வெச்சிருந்தேன், அதை அவரு தொடவே இல்ல. "செம்மண் தூசி குண்டுக்குள்ள போச்சுன்னா ஆறு மாசத்துல இழுக்கவே முடியாது, இதைத் திருப்பிக் கொடுத்துருங்க"ன்னாரு. அதுக்குப் பதிலா ஒவ்வொரு டிராயருக்கும் 6202 பேரிங், ரெண்டு பக்கமும் ரப்பர் சீல் வெச்சது, ஃபேன்லயும் மோட்டார்லயும் போடற அதே பேரிங்தான், லேத்துல பூஷ் கடைஞ்சு போல்ட்ல மாட்டி, அது மேல அலுமினிய ஆங்கிள் உருண்டு வர்ற மாதிரி பண்ணிட்டாரு. ஒரு பேரிங் போனா எந்த ஊர்லயும் எலக்ட்ரிக்கல் கடையிலயே கிடைக்கும். இடது டிராயர்ல அடுப்பு, பாத்திரம், அரிசி பருப்புன்னு 35 கிலோ இருக்கும், ஒரு விரல்ல இழுத்தா வருது. இழுக்கும்போது ஒரு சின்ன உறுமல் வரும், வழுக்கிட்டு வராது, எனக்கு அது பழகிடுச்சு.

டெலிவரி எடுத்ததும் எடை மேடையில ஏத்தினேன், வேலைக்கு விடறதுக்கு முன்னாடியும் ஏத்தியிருந்தேன், அதே மேடைதான். வித்தியாசம் 110 கிலோ, மெத்தையோட சேத்து, டேங்க் காலி. இதை எல்லாரும் கண்டிப்பா பண்ணுங்க, எடை போட நூறு ரூபா கூட ஆகாது. இந்த மாதிரி பிக்கப் தனிநபர் பேர்ல பதிவாகறப்போ ஏத்தக் கூடிய எடை நீங்க நெனைக்கறதை விட ரொம்பக் கம்மி, உங்க ஆர்சியை எடுத்துப் பாத்து கேனோபி, ஆளுங்க எடை எல்லாம் கழிச்சுட்டு மிச்சம் எவ்வளவுன்னு எழுதி வெச்சுட்டு அப்புறமா பட்டறைக்குப் போங்க.

அங்கிருந்து நேரா கொல்லிமலை. காரவள்ளியில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு, டெஸ்ட் பண்ண இதை விட நல்ல ரோடு கிடையாது. முப்பதாவது வளைவு தாண்டி ஏத்தத்துல ரெண்டாம் கியர்ல முறுக்கினப்போ பின்னாடி டம்முனு ஒரு சத்தம். நிறுத்திப் பாத்தா வலது டிராயர் தாழ்ப்பாள் விட்டு முழுசா பின்னாடி வந்து டெயில்கேட்ல, அதாவது தொட்டியோட பின் கதவுல, இடிச்சு நிக்குது. டெயில்கேட் உள்பக்கம் ஒரு கட்டை விரல் அளவுக்கு நசுங்கல். டிராயர் பின்னாடி தெறக்கற வண்டியில மலை ஏறும்போது டிராயர் பின்னாடி தள்ளற தள்ளல் முழுக்க அந்தத் தாழ்ப்பாள் மேலதான் விழும், ஸ்பிரிங் தாழ்ப்பாள் அதுக்குப் பத்தாது. மனசு ரொம்பக் கஷ்டமாப் போச்சு, புது வேலை, எடுத்து நாலு மணி நேரம் கூட ஆகல. கயித்தால கட்டிட்டு செம்மேடு வரைக்கும் போய் தங்கிட்டு மறுநாள் திரும்ப நாமக்கல் வந்தேன். மேஸ்திரி ஒரு வார்த்தை மறுத்துப் பேசல, ஜெனரேட்டர் பொட்டி மூடியில வர்ற மாதிரி இழுத்து அமுக்கற டாகிள் கிளாம்ப் டிராயருக்கு ரெண்டு ரெண்டு போட்டுக் கொடுத்தாரு, காசு வாங்கல. அதுக்கப்புறம் வால்பாறை 40 வளைவும் ஏறி எறங்கியாச்சு, அசையல. ஆனா டெயில்கேட் நசுங்கல் நசுங்கல்தான்.

இன்னொரு குறை எனக்கு இன்னும் ஆறல. பக்கத்துல இரும்பு வேலை நடக்கும்போது என் வண்டியை மூடி வைக்கல. கிரைண்டர் பொறி கேனோபி மேலயும் பின் பம்பர் மேலயும் விழுந்து, ரெண்டு வாரத்துல சின்னச் சின்ன துரு புள்ளியா வந்துச்சு. கார் பாலிஷ் பண்ற டீட்டெய்லிங் கடையில கொடுத்து, கிளே பார்னு ஒரு களிமண் கட்டி போட்டுத் தேச்சு எடுக்க 4,500 ஆச்சு. லாரிக்கு அது ஒரு விஷயமே இல்லாம இருக்கலாம், நமக்கு விஷயம். நீங்க போனா கையோட ஒரு பெரிய பழைய போர்வையும் டார்ப்பாலினும் எடுத்துட்டுப் போய் நீங்களே மூடிட்டு வாங்க. அப்புறம் பத்து நாள்னு சொன்னது இருபத்தாறு நாள், நடுவுல ஆயுத பூஜை வந்துருச்சு, அந்த வாரம் நாமக்கல்ல ஒரு பட்டறையும் ஓடாது, இதைத் தெரிஞ்சுட்டே தேதி வைங்க.

படுக்கறது எப்படின்னா, வி-கிராஸ் பின்பக்கம் உள்ள நீளம் அஞ்சடி கூட முழுசா இல்ல. தனியாப் போனா குறுக்க மூலைக்கு மூலை படுத்துக்கலாம், நான் அஞ்சடி எட்டு, தாராளமா இருக்கு. ரெண்டு பேர்னா டெயில்கேட்டை எறக்கி, பியானோ கீல்ல (ஓரம் முழுக்க வர்ற நீளக் கீல்) மடிஞ்சு இருக்கற பலகையை விரிச்சு, அதோட காலை டெயில்கேட் மேல ஊனணும். ஆறடிக்கு மேல நீளம் வந்துரும், ஆனா கேனோபியோட பின் கண்ணாடி மேல தூக்கி இருக்குமே, அந்த திறப்புக்கு டார்ப்பாலின் துணியில ஒரு கூடாரம் தைக்கக் கொடுத்தேன், கொசுவலையோட. பலகையோட காலை டெயில்கேட் நுனியில ஊனாதீங்க, கீல் பக்கமா ஊனுங்க, இல்லன்னா மொத்த எடையும் ரெண்டு கேபிள்லதான் தொங்கும்.

உள்ள சுத்தி கார்பெட் ஒட்டச் சொன்னது நான், மேஸ்திரி ரெக்சின்தான் போடணும்னாரு. அவரு சொன்னதுதான் சரி. மலையில குளிர் ராத்திரில மூச்சுக்காத்து கூரையில படிஞ்சு சொட்டுது, கார்பெட் அதைக் குடிச்சுட்டு ரெண்டு நாள் நாறுது. இப்போ ரெண்டு பக்கச் சன்னலையும் ரெண்டு விரல் தெறந்து வெச்சுட்டுத்தான் படுக்கறோம். எவ்வளவு குளிரா இருந்தாலும் உள்ள அடுப்பு பத்த வைக்கறதில்ல, அடைச்ச கேனோபிக்குள்ள கார்பன் மோனாக்சைடு சேந்தா வாசனையும் இருக்காது ஒண்ணும் இருக்காது, எந்திரிக்கவே மாட்டோம். சமையல் எல்லாம் வெளிய, டெயில்கேட் மேலதான்.

கரன்ட் வேலை பட்டறையில கொடுக்கல. 100 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, 12 கிலோதான், குழிக்குப் பக்கத்துல வீல் ஆர்ச் ஓரமா உக்காந்திருக்கு. கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் பின் சீட்ல. முன் பேட்டரில இருந்து வர்ற வயர்ல ரெண்டு பக்கமும் ஃபியூஸ் போட்டாச்சு. இதுவரைக்கும் பிரச்சனை இல்ல.

தூசிக்கு மட்டும் இன்னும் முழுத் தீர்வு கெடைக்கல. மண் ரோட்டுல ஓடும்போது வண்டிக்குப் பின்னாடி காத்து சுழன்று டெயில்கேட் கீழ் மூலை இடுக்குல தூசியை உள்ள இழுக்குது. பஸ்ஸுக்குப் போடற ரப்பர் பீடிங் வாங்கி நானே ஒட்டினேன், முக்கால்வாசி நின்னுருச்சு, கீல் இருக்கற ரெண்டு மூலையில மட்டும் இன்னும் மாவு மாதிரி படியுது.

மொத்தச் செலவு, பேட்டரி ஃபிரிட்ஜ் நீங்கலா, 92,000. அதுல கூலி 38,000. பளபளன்னு கார் இன்டீரியர் மாதிரி வேணும்னு நெனைக்கறவங்களுக்கு இந்தப் பட்டறை சரிப்படாது, போல்ட் தலை எல்லாம் வெளிய தெரியும், பெயின்ட்ல பிரஷ் கோடு தெரியும். குலுங்கினா கழண்டுக்காத வேலை வேணும், கூட நின்னு பேசி மாத்தி மாத்திப் பண்ணிக்க நேரம் இருக்குன்னா கண்டிப்பா நாமக்கல் போங்க, நான் திரும்பவும் அங்கதான் போவேன்.

அடுத்த மாசம் கார்பெட்டைப் பிரிச்சுட்டு ரெக்சின் போடப் போறேன். போன்ல சொன்னதும் மேஸ்திரி முதல்ல கேட்டது, "டிராயர் இப்ப நிக்குதுங்களா தம்பி?"